வேல் என்று கத்தினேன்

5 பிப்ரவரி 1966, சிதம்பரம்

நேற்று 171 அடி எறிந்தேன். இன்னும் ஏழு அடி போனால் போன வருஷம் ஜெயித்தவனை மிஞ்சிவிடலாம்.

ஈட்டி எறியும் முன் ‘ஜாவலின்’ என்று கத்த வேண்டும், எதிரே நிற்பவர்கள் விலகிக்கொள்வார்கள். மைதானத்து வழக்கம். போன வருஷம் தமிழுக்காக ஊர்வலத்தில் தொண்டை கட்டக் கத்தியவன், படிப்பதும் தமிழ் பி.ஏ., இதை மட்டும் இங்கிலீஷில் கத்துவதா? கொளஞ்சியப்பன் ‘ஈட்டி’ என்று கத்தலாமே என்றான். ஈட்டி கையில் பிடித்துக் குத்துவது, எறிவது வேல் என்று அவன் வாயை அடைத்தேன். இனி ‘வேல்’தான். எறிகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதால் சட்டம் போடுவது வசதி.

பழனிவேல் இல்லை. அம்மாவைப் பார்க்க தேவனாம்பட்டினம் போயிருக்கிறான். ஈட்டி விழும் இடத்தில் முளை அடித்து அளந்து சொல்ல அவனைப்போல் ஆள் கிடையாது. ஓர் அங்குலம் கூட்டித் தரமாட்டான், பாவி.

7 பிப்ரவரி

எழுத முடியவில்லை.

8 பிப்ரவரி, கடலூர்

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்றுக் காலை பழனிவேல் பஸ்ஸை விட்டிறங்கி நேரே மைதானத்துக்கு வந்தான். எனக்கு ஒரு பொட்டலம் கருவாடு. புதுச் சொல்லை அவனிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். குனிந்து முளை அடித்துக்கொண்டிருந்தான். நான் ‘வேல்—’ என்று நீட்டிக் கத்திவிட்டு ஓடினேன், வானத்தைப் பார்த்தபடி. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கையை விட்டுப் போன பிறகுதான் கீழே பார்த்தேன். என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான்.

“என்னா மச்சான்?”

வேலு. கல்லூரியே அவனை அப்படித்தான் கூப்பிடும். நானும்தான், தினம் நூறு தடவை. எப்படி உறைக்காமல் போனது எனக்கு?

கழுத்துக்குக் கீழே பாய்ந்திருக்கிறது. டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

9 பிப்ரவரி

காலை பத்தரைக்குப் போய்விட்டான்.

14 பிப்ரவரி, சிதம்பரம்

விசாரணை. கொளஞ்சியப்பன் முந்திக்கொண்டான். “பேரச் சொல்லிக் கத்தி எச்சரிச்சான் சார். வேலுதான் கவனிக்கல.” கல்லூரி முதல்வர் என் தோளைத் தட்டி, உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்றார். நான் பேசாமல் நின்றேன். நின்றேனே.

வெளியே வந்து கொளஞ்சியப்பன் சொன்னான்: “வாய மூடிக்கினு இரு. உன் வாழ்க்கையும் போவணுமா?”

கொன்றதும் இல்லாமல் அவனைக் கவனமில்லாதவன் ஆக்கிவிட்டேன். ஓர் அங்குலம் தவறாதவனை. நானெல்லாம் எதற்கு உயிரோடு இருக்கிறேன்?

20 பிப்ரவரி, தேவனாம்பட்டினம் போய் வந்து

அவன் அம்மா அஞ்சம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். “நீ பேரச் சொல்லிக் கூப்டியாமே. எம் புள்ளதான் வெலகாம நின்னுட்டானாம்.”

சொம்பைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். “அது பேரு இல்லம்மா. ஈட்டியத்தான் வேல்னு சொன்னேன், வெலகச் சொல்லி. அவனுக்குத் தெரியாது. அவனக் கூப்பிடறேன்னு நெனச்சி வந்துட்டான்.”

சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

“அப்ப, நீ கூப்ட்டன்னுதான் வந்தானா?”

“ஆமாம்மா.”

“வருவான். சோத்துல கை வெச்சிருந்தாலும் எழுந்து வருவான். அப்பிடித்தான் வளத்தேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிளம்பும்போது, “இனிமே இங்க வராதப்பா” என்றார்கள்.

21 பிப்ரவரி

நடந்தது நடந்தபடி முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். கொளஞ்சியப்பன் பேசுவதில்லை.

12 மார்ச்

விளையாட்டு விழா. மற்றக் கல்லூரிகளிலிருந்தும் எறிய வந்திருந்தார்கள். முளை அடிக்க ஆள் இல்லை என்றார்கள், நான் போய் நின்றேன். பதினெட்டு எறி. ஒவ்வொரு தடவையும் ‘ஜாவலின்’ என்று கத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் விலகி நின்றேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.