தைரியம் சொல்லப் போன வாரம்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வண்டி தாமதம். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை நின்றுகொண்டே.

கம்பெனியில் ஊக்கப் பேச்சாளர். காதில் மாட்டும் மைக், பளபள ஷூ. ஷிஃப்ட் ஆட்களைக் கை தூக்கி "என்னால் முடியும்" என்று மூன்று தரம் கத்தச் சொன்னார். பின்வரிசையில் ஒரு குரல்: "இன்னாத்துக்குப்பா கத்த சொல்றாரு? சோத்து பெல் அடிச்சி பத்து நிமிசம் ஆவுது."

அந்தப் பேச்சாளரை ஏற்பாடு செய்தது நான்தான். தொழிலாளர் நல அதிகாரி. தினமும் போர்டில் பொன்மொழி எழுதுவதும் நானே.

மாலை ஜி.எம். கூப்பிட்டார். "பாதுகாப்பு விழாவுல ஏழுமலைய மேடையேத்தணும் மேடம். நம்பிக்கை நாயகன்னு விருது. பத்து பேருக்குத் தெம்பா இருக்கும். நீங்க போய் பேசுங்க, உங்க சர்ச்சுல இதானே பண்ணுவீங்க."

சாரா என்று பேர் இருந்தால் கிறிஸ்தவள். நாங்கள் யூதர்கள், அப்பா கொச்சியிலிருந்து பெரம்பூருக்கு ரயில் வேலைக்கு வந்தவர் என்று ஆறு வருடமாகச் சொல்கிறேன். "எல்லாம் ஒண்ணுதானே" என்கிறார்.

ஏழுமலை இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுபவர். வயது 34. போன மாதம் வலது கையில் மூன்று விரல் போனது.

மார்ச் 10, செவ்வாய்

வாங்க வேண்டியது: சோப்பு, மெழுகுவர்த்தி, முட்டை.

வேலை முடிந்து ஏழுமலை வீடு. பொன்னேரி தாண்டி ஷேர் ஆட்டோ, பிறகு வயல் வழியே நடை. கட்டிலில் படுத்திருந்தார், கட்டுப் போட்ட கை போர்வைக்குள். நாற்காலியில் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினேன். பேசியது:

- நடப்பதெல்லாம் நல்லதற்கே
- இரண்டு கையும் இல்லாதவர்கள் சாதிக்கவில்லையா
- பிள்ளை முகத்தைப் பாருங்கள்
- கடவுள் ஒரு கணக்கு வைத்திருப்பார்

கடைசியைச் சொல்லும்போது எனக்கே வாய் கசந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருமுனை வரை அவர் மனைவி கஸ்தூரி வந்தாள். "நாஷ்டா வச்சா தள்ளிவுட்டுர்றாரு மேடம். நேத்து விடிகாலைல கெணத்தாண்ட போய் நின்னுக்கினு இருந்தாரு. நான் பாக்கலன்னா இன்னா ஆயிருக்கும்னு தெரியல."

அதற்கும் "தைரியமா இருங்க" என்றேன். சீ.

மார்ச் 12, வியாழன்

தலைவலி. மாத்திரை இரண்டு.

விழா பேனர் வந்துவிட்டது. ஏழுமலையின் பழைய ஐ.டி. படம். அதில் யாருடைய கையையோ ஒட்டி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். ஐந்து விரலும் முழுசாக இருக்கிறது. ஜி.எம்.மிடம் சொன்னேன். "பாசிட்டிவா இருக்கட்டுமே மேடம்."

கேன்டீனில் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

ஓய்வுநாள் விளக்கேற்ற அரை மணி இருக்கிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

அப்பா நினைவு. வேதத்தில் வருகிற கதை, எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த எங்கள் முன்னோரிடம் விடுதலை வருகிறது என்று சொன்னபோதுகூடக் காதில் ஏறவில்லை, மூச்சே குறுகிப்போயிருந்தது என்பார். துக்க வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனால் ஒரே கண்டிப்பு. அவர்களைவிடத் தாழ உட்கார். அவர்கள் வாய் திறக்கும் வரை நீ திறக்காதே. வணக்கம்கூட வேண்டாம். பெரம்பூரில் ஒரு வீட்டில் அரை மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு வந்தோம். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் உட்கார்ந்தது நாற்காலியில்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று ஓய்வுநாள், எழுதவில்லை.

ஏழுமலை வீடு. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். பேசவில்லை. கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். "இன்னா மேடம், ஒடம்புக்கு சரியில்லியா?" இல்லை என்று தலையாட்டினேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும். முதுகு காட்டியபடியே அவர் கேட்டார்.

"என் வெரலு எங்க மேடம்?"

தெரியவில்லை என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லன்றாங்க. அப்போ கம்பெனிலதானே கீது? யாரையாச்சும் கேக்கலாம்னு பாத்தா, வர்றவங்க எல்லாம் தைரியமா இருன்ட்டு போய்க்கினே கீறாங்க."

எங்கள் வழக்கத்தில் உடம்பிலிருந்து போனது விரலானாலும் மண்ணில் புதைப்போம், ரத்தம் பட்ட துணியைக்கூட விட மாட்டோம் என்றேன். எழுந்து உட்கார்ந்தார். "மெய்யாவா?"

நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 16, திங்கள்

விழா நாள். வாசலில் அந்த பேனர்.

நேரே முதலுதவி அறை. கம்பவுண்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "புரொடக்‌ஷன் நிக்கக் கூடாதுன்னு ஜி.எம். தலை மேலயே நின்னுக்கினு இருந்தாரு மேடம். வெரலையும் கூட்டி ஸ்கிராப்போட அள்ளிட்டாங்க. சாயந்திரமே லாரி போய்ட்ச்சி."

லாரி போவது இரும்பு உருக்கும் உலைக்கு. கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். இதே தரையில் ரிப்பன் கட்டி, இதே ஆளுக்குப் பொன்னாடை. விபத்து நடந்த அன்று போர்டில் நான் எழுதிய பொன்மொழி என்னவோ, நினைவில்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேண்டியிருக்கும் என்று விபத்தன்று ஏழுமலை போட்டிருந்த கையுறையை மட்டும் கவரில் எடுத்து வைத்திருந்தார் கம்பவுண்டர். கிரீஸும் காய்ந்த ரத்தமும். கேட்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆட்டோ பிடித்தேன்.

ஏழுமலையிடம் எதையும் மறைக்கவில்லை. "உருக்கிட்டாங்களா" என்றார். கையுறையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அழாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

கொல்லையில் கறிவேப்பிலைச் செடியோரம் இடது கையால் அவரே தோண்டினார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மண்ணைத் தள்ளி மூட மட்டும் என்னையும் கஸ்தூரியையும் விட்டார்.

புதைத்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் சாப்பாடு அடுத்தவர் வீட்டிலிருந்துதான் வர வேண்டும், எங்கள் வழக்கத்தில். மதியச் சாப்பாட்டுக்கென்று காலையில் அவித்து எடுத்துப் போயிருந்த முட்டைகளை உரித்துக் கொடுத்தேன். ஜி.எம்.மிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

ஏழுமலை முட்டையை இடது கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வாய் கடித்தார். கஸ்தூரி அவர் வாயையே பார்த்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற. உப்பு எட்தா."