இடது பக்கக் கிருதா

இன்று ஒரகடத்தில் புதிதாகத் திறந்த சலூனில் சவரம் முடிந்து, கன்னத்தில் படிகாரக்கட்டி பட்டதும் சுரீரென்று உன் ஞாபகம் வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது, நண்பா. இன்னொருவர் கத்திக்குக் கழுத்தை நீட்டுவது இன்னும் உனக்குத் துரோகம் செய்கிற மாதிரிதான் இருக்கிறது.

ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். தபாலில் படித்த டிகிரிக்கு அது ஒன்றுதான் பாக்கி. அது இல்லாமல் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக முடியாது. ஷிப்ட் முடிந்து உன் முடிவெட்டும் கடைக்கு வந்தால் நாற்காலியிலேயே குறட்டை விடுவேன். பரீட்சைக்கு முந்தின நாள் நீதான், "தூங்காத. நீ சத்தமா படி, நான் வெட்றேன்" என்றாய்.

அன்று படித்தது ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி. பேராசிரியர் உயரமான நாற்காலியில் அமர்ந்து, அதற்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்தைய கிரேக்க வைத்தியர் எழுதியதை வாசிப்பார். கீழே நின்று பிணத்தை அறுத்தது முடிதிருத்துபவர்.

உன் கத்தரி நின்றது. "இன்னாபா சொல்ற? அறுத்தது நம்மாளா?" கண்ணாடியில் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த நொடியே சந்தேகம். "மேல குந்திகினு படிச்சவரு, எறங்கி வந்து பாத்தாரா?"

பக்கத்தைப் புரட்டினேன். பிறகு வந்த ஒரு பேராசிரியர் இறங்கிவந்து கத்தியைத் தானே வாங்கினாராம். பழைய புத்தகத்தில் இருந்த சில விஷயங்கள் மனித உடம்பில் இல்லவே இல்லை. குரங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியவை அவை.

"அப்டி போடு! கொரங்கப் பாத்து மனுசனுக்கு எழுதிகீறாங்க!" என்று நீ துள்ளிய துள்ளலில் என் இடது கிருதா பாதி காணாமல் போனது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாய்.

மறுநாள் அதே கேள்வி வந்தது. பேனா நின்றபோதெல்லாம் காதோரம் தடவினேன், உன் குரலோடு பதில் வந்தது. பாஸானேன். அதற்குப் பிறகு எப்போது முடி வெட்டினாலும் இடது பக்கத்தை வேண்டுமென்றே குறைத்துவிடுவாய். "டிகிரி வாங்கிக் குடுத்த கிருதாபா" என்பாய். நீ போன பிறகு வீட்டுக் கண்ணாடி முன்னால் நானே அதைக் குறைத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் சூப்பர்வைசர். லைனில் மெஷின் நின்றால் கேபினில் உட்கார்ந்து மேனுவலைப் புரட்டுவதில்லை. இறங்கிப்போய், மூடியைக் கழற்றி, கையை விட்டுப் பார்க்கிறேன். சட்டையெல்லாம் கிரீஸ். வீட்டில் திட்டு.

இன்று அந்தப் புதுக் கடைக்காரர் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "சார், லெப்ட் சைடு கம்மியா கீது. சமம் பண்ணிடவா?"

கண் கலங்கியதற்குப் படிகாரத்தின் மேல் பழியைப் போட்டேன். "வேண்டாங்க, அது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.