எழுத்து முடிந்தது, தாலி ஏறவில்லை

என்ர சின்னண்ணைக்கு, கண்ணை மூடிவிட்டாலும் தங்கச்சி கூப்பிட்டால் என்னவென்று கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில்,

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தில் எழுதுகிறேன். அழுகையெல்லாம் உங்கள் முப்பத்தோராம் நாளோடு முடிந்தது. இதை இங்கத்தைத் தமிழ்ப் பேப்பரில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். லவாலில் இருக்கும் பெரியண்ணையும் வாசிக்கட்டும். நான் ரெலிபோன் எடுத்தால் அவர் தூக்குவதில்லை. பேப்பரைத் தூக்குவார்தானே.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனி மாதம் வில்லரேயில் என் குசினியில் இருந்து, தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு, விரலை மடக்கி மடக்கிச் சொன்னீர்கள்: "பாக்கியம், ஆடியில கலியாண எழுத்தை முடிப்பம். ஆவணியில தாலி. எழுத்து முடிஞ்ச கையோட பொடியன் ஸ்பொன்சருக்குப் போடட்டும். அடுத்த வருசம் நிரந்தரமாய் இருக்கிற பி.ஆர். கையில. அதுக்குப் பிறகு மூண்டு வருசம் இருந்தாளெண்டால் சிற்றிசன். அதோட அந்தப் பிள்ளையை ஒருத்தராலும் அசைக்கேலாது."

அந்தப் பிள்ளை மேகலா. பாண் சுடும் பக்டரியில் உங்களோடு வேலை செய்தவள். உங்கள் சாப்பாட்டுப் பெட்டியில் வெறும் சோற்றைக் கண்டு, தன்னுடைய கறியில் பாதியை அள்ளிப் போட்டவள். அன்றைக்கே நீங்கள் உங்கள் ஒரே மகன் குகனுக்கு இவள்தான் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். அவள் எங்கள் ஊர்ப்பக்கம் இல்லை, மட்டக்களப்பு, அவளுடைய அகதிக் கேஸ் வேறு மறுத்தாயிற்று என்று பெரியண்ணை முணுமுணுத்தார். "அண்ணை, வாழப்போறது அதுகள்" என்று நீங்கள் அவருக்கு ஒரே ஒரு சொல் சொன்னீர்கள். உங்கள் வாழ்நாளில் நீங்கள் அவரை எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கேஸ் மறுத்தபடியால் பேப்பர் அலுவல் அவசரம். அதற்காக எழுத்தை ஆடியிலேயே கோட்டில் பதிந்து முடித்தீர்கள். ஆடியில் தாலி கட்டக்கூடாது என்று அதை ஆவணிக்குத் தள்ளினீர்கள். எல்லாம் சரி. இடையில் சாகச் சொல்லி உங்களை யார் கேட்டது, அண்ணை? பக்டரி வாசலில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டீர்களாம். கலியாண ஹோலுக்குக் காசு கட்டியாயிற்று. கூறைச் சேலை சென்னையிலிருந்து வந்து என் அலுமாரியில் கிடக்கிறது. நீங்கள் மட்டும் இல்லை.

முப்பத்தொன்றன்று சாப்பாடு முடிந்து எல்லாரும் இருக்கும்போது பெரியண்ணை தொண்டையைச் செருமினார். "அப்பன் செத்த வீட்டில ஆட்டைத் திவசம் முடியாமல் தாலியோ? ஒரு வருசம் பொறுங்கோ. அதுமட்டும் பெட்டை பாக்கியத்தோட இருக்கட்டும். தாலி கட்டாமல் ஒரு வீட்டில இருக்கிற வழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை." செத்தவீட்டில் மூத்தவர் சொன்னால் யார் மறுப்பது? உங்களைப் பறிகொடுத்த மச்சாள் வெள்ளைச் சேலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

அப்படித்தான் உங்கள் மருமகள் என் வீட்டுக்கு வந்தாள். உங்கள் மகனோ லாசாலில் உங்கள் வீட்டில், தாயோடு. சட்டப்படி கட்டின பெண்சாதியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் என் வீட்டுக்கு வருவான். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, சோபாவின் ஒரு நுனியில் இருப்பான். இவள் மற்ற நுனியில். நடுவில் எங்கள் வீட்டு மனுசன் இருந்து ஹொக்கி பார்ப்பார். போகும்போது மூலைத் தெப்பனர் கடை வரைக்கும் இவள் கூடப் போய் வழியனுப்புவாள். பால் வாங்கப் போகிறேன் என்பாள். என் பிரிட்ஜில் பால் வைக்க இடம் இல்லாமல் போயிற்று, அண்ணை.

தை பிறந்தது. குடிவரவு அலுவலகத்தில் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். நானும் துணைக்குப் போய் வெளியே வாங்குப் பலகையில் இருந்து சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த அதிகாரி ஒரு பெண். சிரித்த முகமாம், மரியாதையாகத்தான் கேட்டாவாம். கணவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டிருக்கிறா. உங்கள் மகன் காது சிவந்து, "நாங்கள் இன்னும் ஒரு கட்டிலில படுக்கேல்லை" என்றானாம். ஏன் என்று கேட்க, தாலி, திவசம், சாவுத் துடக்கு, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறான். உங்கள் மகன்தானே.

அவ பேனையை வைத்துவிட்டுச் சொன்னாவாம்: சட்டத்துக்கு நீங்கள் கணவன் மனைவி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாட்டுக்குள் இருந்துகொண்டு போடும் இந்த விண்ணப்பத்துக்கு ஒரே வீட்டில் சேர்ந்து வாழவேண்டும். அதுதான் நிபந்தனை. பெப்ரவரி முடிவதற்குள் அதைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் நான் மறுக்கத்தான் வேண்டும்.

மறுத்தால் என்ன? மறுத்தால் அவளைத் திருப்பி அனுப்புவார்கள். எங்கே? ஷெல் விழுகிற இடத்துக்கு. அவளுடைய தாய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கிறா.

மொழிபெயர்க்க வந்தது மெட்ராஸ் பக்கத்துப் பெண். வெளியே வந்ததும் என் காதுக்குள் மெல்லச் சொன்னாள். "ஏம்மா, தாலி கட்டலைன்னா அதை எதுக்கு அவங்ககிட்டச் சொல்றாங்க? ஒரே வீட்லதான் இருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்குமே!"

"பிள்ளை, பொய்க்குப் புருசன் பெண்சாதியாய் ஒரு வீட்டில இருக்கிறவையும் இந்த ஊரில இருக்கினம்," என்றேன். "இதுகள் உண்மையாய்க் கட்டினதுகள். அதுதான் வில்லங்கம்."

மெற்றோவில் வரும்போது மேகலா என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "மாமி, 'நீ பெண்சாதிதானே, ஏன் புருசன் வீட்டில இல்லை' எண்டு அந்த மனுசி கேக்கிறா. 'நீ இன்னும் பெண்சாதி இல்லை, ஏன் அந்த வீட்டுக்குப் போறாய்' எண்டு பெரிய மாமா கேக்கிறார். நான் இப்ப ஆரு மாமி?"

அவளுடைய கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே பெரியண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். அப்போது அவர் என் அழைப்பைத் தூக்குகிற காலம். "அப்ப அவளை அனுப்பிப்போட்டு அங்கையிருந்து ஸ்பொன்சர் பண்ணட்டும். ரெண்டு வருசம் செல்லும். முறையாய் வரட்டுமன், என்ன அவசரம்?" என்றார். கறிவேப்பிலை வாங்க ஆள் அனுப்புகிற மாதிரிச் சொன்னார், அண்ணை. நான் ரெலிபோனை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

பிள்ளையாரோடும் சண்டை பிடித்தேன் என்று வையுங்கள். எத்தனை விரதம் பிடித்தேன், எத்தனை வெள்ளிக்கிழமை உம் வாசலைக் கூட்டினேன், இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி காட்ட உமக்குக் கை இல்லையோ என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஐயர் கர்ப்பக்கிரகத்துக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பாக்கியமக்கா, சுவாமியை வெருட்டுறியள்?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "வழி இருக்கே அக்கா. ஆட்டைத் திவசத்தை முற்படச் செய்துபோட்டுக் கட்டலாம். அவசரமெண்டால் செய்யிறவை இருக்கினம். மகன்தானே செய்யவேணும், அவர் இஞ்சைதானே நிக்கிறார்."

"பெரியண்ணை ஒப்பமாட்டார், ஐயா. எங்கட குடும்பத்தில இல்லாத வழக்கமாம்."

ஐயர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்கட பெரியண்ணற்றை மகளின்ரை கலியாணத்துக்கு ஆர் ஐயர் எண்டு மறந்துபோனியளோ? உங்கட அம்மா மோசம் போய் அப்ப எத்தினை மாசம்? திவசமும் செய்யேல்லை, ஒண்டும் செய்யேல்லை. என்னட்டை அப்ப ஒருத்தரும் வழக்கம் கேக்கேல்லை."

அண்ணை, நான் அதை மறக்கவில்லை. மரியாதைக்காக வாயைக் கட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கட்டு அவிழ்ந்தது.

அடுத்த நாள் எங்கள் வீட்டு மனுசனைக் காரோட்டச் சொல்லி லவாலுக்குப் போனேன். பனியில் சறுக்கிச் சறுக்கிப் போய்ச் சேர்ந்தோம். இவர் காரை விட்டு இறங்கவில்லை. "நீ போய்க் கதை, நான் எஞ்சினைச் சூடாய் வைச்சிருக்கிறன்" என்றார். புத்திசாலி.

பெரியண்ணை தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா செத்த வருசம் உங்கட மகளின்ரை கலியாணம் நடந்ததோ இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன்.

"அது வேறை, இது வேறை. அம்மா செத்தது அங்கை. கலியாணம் இஞ்சை."

"கடல் தாண்டினால் துடக்கு வராதோ?"

"எடி, எல்லாருக்கும் கார்ட் குடுத்தாச்சு. ஹோல் புக் பண்ணினது!"

"உங்களுக்கு ஹோல் போயிடும் எண்டு பயம். இஞ்சை ஒரு பிள்ளை போகப்போகுது!"

அவர் தோடம்பழத்தை வைத்துவிட்டு எழும்பினார். "ஒரு மட்டக்களப்புப் பெட்டைக்காக நீ என்னோடை கொழுவ வந்தனியோ?"

இவ்வளவு நாளும் திவசம் என்றார், குடும்பம் என்றார், வழக்கம் என்றார். உள்ளே கிடந்தது இதுதான்.

"இப்பதான் உண்மை வந்தது," என்றேன். "சின்னண்ணை உயிரோட இருக்கேக்கை இதை அவற்றை முகத்துக்குச் சொல்ல உங்களால ஏலேல்லை. செத்தாப் பிறகு அவற்றை சாவைக் கொண்டுவந்து குறுக்கை போடுறியள். அவர் ஆசைப்பட்டுக் கட்டின கலியாணத்தை அவரைக் காட்டியே குழப்புறியள். உங்களுக்கு வெக்கமாயில்லையோ?"

"என்ரை வாசற்படியை இனி மிதிக்காதை" என்றார். மிதிக்கவில்லை. காரில் ஏறும்போது ஒருக்கால் திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கும் அண்ணைதானே. என்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர்தானே. அந்தக் கோபம் வேறு எனக்கு. ஏன் இப்படிப்பட்ட மனிதராகப் போனார்? நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

மறுநாள் காலை மேகலாவின் சூட்கேசை நானே அடுக்கினேன். "மாமி, தாலி?" என்றாள். "தாலி வரும். முதல் நீ போ" என்றேன். பிறந்த நாளிலிருந்து நாள் பார்க்காமல் நகம்கூட வெட்டாதவள் நான். தாலி ஏறாத பெண்ணைக் கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இராகுகாலம் மட்டும் பார்த்தேன். அது பழக்கம், விடாது.

லாசாலில் படியேறும்போது எனக்கு ஒரே பயம் மச்சாளை நினைத்துத்தான். நீங்கள் போனதிலிருந்து அவ யார் வந்தாலும் குசினிக்குள் போய்விடுவா. தான் முன்னுக்கு நின்றால் ஆகாதாம். அதையும் பெரியண்ணையின் ஆட்கள்தான் காதுக்குள் ஓதினார்கள். குகன்தான் கதவைத் திறப்பான் என்று நினைத்தேன்.

மச்சாள் திறந்தா. பிடரியில் தண்ணீர் சொட்ட, தலை முழுகிவிட்டு நின்றா. மேகலா படியிலேயே நின்றுவிட்டாள். கதவுக்கு நேரே உங்கள் படம், அதற்குமுன் விளக்கு.

"என்ன பிள்ளை பாக்கிறாய்? உள்ளுக்கு வா," என்றா மச்சாள்.

"மாமி, ஒரு வருசம் முடியேல்லையே. மாமா கோவிக்கமாட்டாரா?"

"அவரோ? உன்ரை கறியைத் திண்டுபோட்டு வந்து, 'எடியே, எனக்கு ஒரு மருமகள் கிடைச்சிட்டாள்' எண்டு அண்டைக்கு முழுக்க என்னை நித்திரை கொள்ள விடாத மனுசன். அவற்றை பேரைச் சொல்லி உன்னை வெளியில நிப்பாட்டினால் அவர் எனக்கெல்லோ கோவிப்பார்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனா. அவவின் குரலை நான் ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன், அண்ணை. நான் படியில் இருந்து அழுதேன். முப்பத்தொன்றோடு முடிந்தது என்று மேலே எழுதியது பொய்.

வீட்டுக்காரன் வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டான். குகன் எல்லாவற்றையும் அந்த அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறான். அவ நம்புவாவோ, வீட்டுக்கு ஆள் அனுப்புவாவோ, இனிமேல் பிந்திவிட்டது என்பாவோ, தெரியாது. தபால்காரனின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் மேகலா கதவுக்கு ஓடுகிறாள். நீங்கள் மடக்கிய விரல்களில் இரண்டாவதிலேயே நிற்கிறோம். சிற்றிசன் எங்கே, நாங்கள் எங்கே?

ஆனால் பதில் எதுவாக வந்தாலும் இது நடக்கும், கேளுங்கள். வருகிற மாசியில் உங்கள் திவசத்தைக் குகன் முற்படச் செய்வான். அதற்குப் பிறகு வரும் நல்ல நாளில், உங்கள் வீட்டு ஹோலில், உங்கள் படத்துக்கு முன்னால் தாலி ஏறும். தாலித் தட்டை முதலில் தொட்டு ஆசீர்வதிக்கப்போவது மச்சாள். அதைப் பார்க்கச் சகிக்காதவர்கள் லவாலிலேயே இருக்கலாம். பெரியண்ணை வந்தால் முன்வரிசையில் கதிரை போடுவேன். வராவிட்டால் அந்தக் கதிரையில் நான் இருப்பேன்.

அவளைத் திருப்பி அனுப்பத்தான் சொன்னார்கள் என்றால், அப்பீலுக்குப் போவோம். அந்த அலுவலக வாங்கில் நானே போய் இருப்பேன், அவர்கள் என்னைத் தூக்கி வெளியில் போடும் வரைக்கும். நீங்கள் தேடிக் கொண்டுவந்த பிள்ளையை விடமாட்டேன். உங்கள் சாவைச் சாட்டி ஒருவரும் இனி அவளுக்குக் கதவு சாத்த விடமாட்டேன். இது சத்தியம், அண்ணை.

இப்படிக்கு,
உங்களுக்காக மூத்தவரோடு கொழுவிவிட்டு நிற்கும் ஒரே தங்கச்சி,
பாக்கியம்