கொப்பன்ஹேகனில் ஒன்பது நாளும் ஒரு சோடிச் சப்பாத்தும்

ஸ்காபரோ, ரொறன்ரோ
நவம்பர் 9

அன்புள்ள மகள் கௌசிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவின் இடது முழங்காலையும் என்னுடைய வாயையும் தவிர இங்கே எல்லாம் நல்ல சுகம். இரண்டையும் இனித் திருத்த ஏலாது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். நீ அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று றிச்மண்ட்ஹில் பிள்ளையாரிடம் போன வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு வந்தேன், அவருக்கு டென்மார்க் எங்கே இருக்கிறது என்று தெரியுமோ தெரியாது, அதனால் உன் விலாசத்தையும் சேர்த்துச் சொன்னேன். போனில் சொல்லாமல் ஏன் மினக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாய் என்று கேட்பாய். நான் உன்னோடு போனில் கதைக்கத் தொடங்கினால் உன் அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பார். மகளோடு கதைக்கமாட்டாராம், ஆனால் மகள் கதைக்கிறது ஒரு சொல் விடாமல் காதில் விழவேண்டுமாம். நாலு வருசமாக இதே கூத்து. அவர் போனை எடுத்தால் நீ "அம்மா நிக்கிறாவோ" என்பாய், அவர் "குடுக்கிறன்" என்பார், அதோடு தகப்பனும் மகளும் கதைத்து முடிந்தது. பார்க்டேல் ரெஸ்ரோரண்டில் இருபத்திரண்டு வருசம் கோப்பை கழுவின மனிசன், "நான் குசினிக்குள்ளை நிண்டது என்ரை பிள்ளை குசினிக்கு வெளியிலை நிக்கத்தான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், நீ இன்சூரன்ஸ் கொம்பனி வேலையை விட்டுவிட்டுச் சமையல் பழகப் பிளேன் ஏறினால் சும்மா இருப்பாரா? நீயும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு ரிக்கற் அனுப்பினாய், "அப்பா, வாங்கோ" என்று ஒரு வார்த்தை அவரிடம் சொன்னாயா? அவர் முழங்காலைச் சாட்டுச் சொல்லி நின்றுவிட்டார், நான் ஒற்றையாய் வந்தேன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய்.

சரி, நீ வேலைக்குப் போன பிறகு நான் ஊர் சுற்றின கதைக்கு வருகிறேன். காலையில் பார்க்க ஒரு இடம், மத்தியானம் சாப்பிட ஒரு கடை என்று ஒன்பது நாளுக்கும் கலர் கலராகப் பட்டியல் எழுதித் தந்தாயே, பின்னேரம் நீ வந்து கேட்கிறபோது எல்லாவற்றுக்கும் "நல்லாயிருந்தது" என்றேன். அதில் பாதி பொய், இப்போது உள்ளதைச் சொல்கிறேன். சிலையாய் அந்தக் கடற்கன்னி இருக்கிறாளே, அவளைப் பார்க்கக் குளிரில் அவ்வளவு தூரம் நடந்து போனால், விட்பியில் உன் அண்ணன் பிரியந்தன் வீட்டு முற்றத்தில் நிற்கிற தோட்டப் பொம்மை அவளைவிடக் கொஞ்சம் உயரம். நூறு பேர் அவளைப் படம் எடுக்கிறார்கள், உடம்பில் ஒரு முழத் துணி இல்லாமல் கல்லில் குந்திக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு ஒரு சால்வை போர்த்துவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை. மத்தியானம் நீ எழுதின பாண் கடை. கறுத்தப் பாண் ஒரு துண்டு, அதன்மேல் வினாகிரியில் கிடந்த மீன், மேலே மூட மற்றத் துண்டு பாண் இல்லை. மறந்துபோனார்களாக்கும் என்று பத்து நிமிசம் காத்திருந்தேன். பிறகு கையால் தூக்கினேன், மீன் மடியில் விழுந்தது. சுற்றிவர எல்லோரும் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறார்கள், பாணுக்குக் கத்தி! கைப்பையில் வைத்திருந்த மிளகாய்த்தூளை ஒரு சொட்டுத் தூவினேன் பார், சத்தியமாக அந்த ஒன்று மட்டும் நல்லாயிருந்தது. வட்டக் கோபுரத்தையும் குறை சொல்லமாட்டேன். உள்ளே படியே இல்லை, சுற்றிச் சுற்றிச் சரிவான பாதை, அந்தக் காலத்தில் ஒரு ராசா குதிரையிலேயே மேலே ஏறினாராம். இதை வந்து உன் அப்பாவிடம் சொன்னேன், குதிரை ஏறின இடத்தில் உங்கடை முழங்காலும் ஏறும் என்று. அவர் "ம்" என்றார்.

மூன்றாம் நாள் மீன் சூப் கடைக்குப் போனேனா இல்லையா என்று நீ கேட்டபோது மழுப்பினேன், நினைவிருக்கிறதா? போனேன். வாசலில் ஒரு பிள்ளை வண்டில், உள்ளே கம்பளிக்குள் ஒரு குஞ்சு, சிவந்த மூக்கு மட்டும் வெளியே தெரிய நல்ல நித்திரை. பக்கத்தில் ஒரு சனம் இல்லை. ஐயோ, எந்தப் பாவி பெற்றுப் போட்டுவிட்டு ஓடினாளோ என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். சூப்பாவது மண்ணாங்கட்டியாவது, வண்டிலைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் காவல் நின்றேன். சும்மா நிற்கிறோமே என்று கைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்துப் பிள்ளையின் நெற்றியிலும் பூசிவிட்டேன். அதோடு கடைக்குள் இருந்து ஒருத்தி வாயில் பாணோடு பாய்ந்து வந்தாள். அவள்தான் தாய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சாப்பிட்டுக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்திருக்கிறாள், நான் பிள்ளை பிடிக்கிறவள் என்று பொலிசுக்குப் போன் அடிக்கப் போனாளாம். பிள்ளைக்கு வெளிக்காற்று நல்லதாம், அங்கே எல்லோரும் அப்படித்தான் விடுவார்களாம். நெற்றியில் என்ன பூசினாய் என்று கேட்டாள், மாட்டுச் சாணியை எரித்த சாம்பல் என்று நான் உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். அவள் துடைத்த துடையில் பிள்ளை எழும்பி வீரிட்டுக் கத்தியது. ஆனாலும் நல்ல மனிசி, மூச்சு வாங்கினபிறகு சிரிசிரியென்று சிரித்து என்னைத் தன் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சூப்பில் உப்பு இல்லை.

நீ சமைக்கிற கடைக்குச் சாப்பிட வந்த நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். வெளியே சாப்பிடப் போகிறபோது காய்ந்த வயிறோடு போகக்கூடாது என்று வளர்ந்தவள் நான், வழக்கம்போல வயிறு முட்டப் புட்டைத் தின்றுவிட்டு வந்தேன். பதினாலு கோப்பைச் சாப்பாடு ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று ஆருக்குத் தெரியும்? ஒன்றில் மூன்று இலை, ஒன்றில் ஒரு கல், கல்லைச் சாப்பிடுகிறதா என்று பரிமாறின பெட்டையைக் கேட்டேன், அவள் சிரிக்காமல் "இல்லை" என்றாள், கெட்டிக்காரி. ஆறாவதிலேயே பாவாடை நாடாவைத் தளர்த்திவிட்டேன். பிறகு ஒன்பதாவதாக அந்தப் பீற்றூட் வந்தது, இது உங்கள் மகள் செய்தது என்று சொல்லி வைத்தார்கள். என்ன செய்தாயோ தெரியாது பிள்ளை, அது பீற்றூட்தான், ஆனால் நான் நாப்பது வருசமாக அவித்த பீற்றூட் இல்லை. நான் அழுதேன். புகை என்று உன்னிடம் சொன்னேன், புகை இல்லை. பிறகு என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாய், தண்ணியும் எண்ணெயுமாய் நிலம் மினுங்கியது, உன் கால் சறுக்கினது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தேன், உன் சப்பாத்தின் அடி தட்டையாய்த் தேய்ந்து பக்கத்தால் வெடித்திருந்தது.

இங்கே வந்த அன்று அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் நான் சும்மா போனில் படங்களைத் தள்ளிக்கொண்டு இருந்தேன், அவரும் சும்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டார். பீற்றூட் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, "கோப்பை விளிம்பைத் துடைச்சுத்தான் வெளியிலை விட்டிருக்கிறாள்" என்றார். பீற்றூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை, விளிம்பைத்தான் பார்த்திருக்கிறார். நானும் விட்டுவிட்டுச் சப்பாத்துக் கதையைச் சொன்னேன், கால் சறுக்கினதையும் சொன்னேன். மனிசன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். அவருடைய முழங்கால் எப்படிப் போனது என்று உனக்கு மறந்திருக்கும், உனக்கு அப்போது மூன்று வயது. நாப்பது கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவர் சவர்க்காரத் தண்ணியில் விழுந்தார், கோப்பையை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருந்தால் கால் தப்பியிருக்கும், ஒரு கோப்பையும் உடையவில்லை, முழங்கால் உடைந்தது.

நான் வந்த நாலாம் நாள் அவர் பக்கத்து வீட்டு றமேஸைக் கூட்டிக்கொண்டு பிறம்ரன் போனார். ஹைவே என்றாலே கந்தசஷ்டி கவசம் சொல்லுகிற மனிசன். அங்கே வெயர்ஹவுஸ் ஆட்கள் சறுக்காத சப்பாத்து வாங்குகிற கடை ஒன்று இருக்கிறதாம், மூன்று சோடியோடு வந்து நின்றார். பிறகு நடந்ததை ஒருத்தருக்கும் சொல்லிவிடாதே. குசினி நிலத்தில் கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தையும் நல்லெண்ணெயையும் ஊற்றினார். "இதைப் போட்டுக்கொண்டு நட" என்றார் என்னைப் பார்த்து. உங்களுக்கு விசரோ என்று கத்தினேன். "உன்ரை காலும் அவளின்ரை காலும் ஒரே அளவுதானே" என்றார், நான் கத்துகிறதை விட்டுவிட்டு முதல் சோடிக்குள் காலை விட்டேன். அறுபத்துநாலு வயதில் எண்ணெய்க்குள் நடந்தேனடி, அவர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து அடியைப் பார்த்தபடி நொண்டி நொண்டிக் கூட வந்தார். முதல் சோடி சறுக்கியது. இரண்டாவது கொஞ்சம் சறுக்கியது. மூன்றாவது ஒட்டிப் பிடித்தது, அதைத்தான் கழற்றித் துடைத்து, உள்ளே பேப்பர் அடைத்து, இந்தப் பார்சலில் மிளகாய்த்தூளுக்குக் கீழே வைத்திருக்கிறார். "நீ வாங்கினது எண்டு எழுது, நான் எண்டு சொல்லிப்போடாதை" என்று இரண்டு தரம் சொன்னார். சரி, எழுதிவிட்டேன்: சப்பாத்தை நான் வாங்கினேன்.

மிளகாய்த்தூளைக் குளிர்பெட்டியில் வை. தலைக்கு எண்ணெய் வை. பதினாலு கோப்பை சமைக்கிறவள் நீ ஒரு நேரமாவது இருந்து சோறு சாப்பிடு. தெருவில் வண்டிலில் பிள்ளையைக் கண்டால் தொடாதே. உன் கையால் சாப்பிட்டவர்கள் வயிறு குளிர உன்னை வாழ்த்தட்டும், நான் அன்றே வாழ்த்திவிட்டேன், பிள்ளையார் துணை நிற்பார்.

ஒரேயொரு விசயம் மறந்துபோகாதே. இந்தப் பார்சல் கிடைத்த பிறகு வாற ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலை பத்து மணிக்கு, உனக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் போன் எடு. அப்பாதான் எடுப்பார். அம்மா நிக்கிறாவோ என்று கேட்காதே, நான் றமேஸ் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பேன். சப்பாத்து அளவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
எண்ணெயில் நடந்த உன் அம்மா
குணவதி இராசரத்தினம்