வயது 41, காப்பகச் சமையல்காரர்

பிப்ரவரி 11, செவ்வாய்

அலுவலக லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. மூன்றாவது மாடி ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் தன் இருப்பைத் தெரிவித்தது. கூட்டம், தேநீர், குடிநீர் வாரியத்தின் மறுப்பறிக்கை. வழக்கமான நாளாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாலையில் உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முடிவு வந்தது. ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் அந்தத் துரித உணவுக் கடை ‘சுத்தமான ஆட்டிறைச்சி’ என்று எழுதி விற்கும் ரோலில் ஆடு கொஞ்சம்தான். மீதி குதிரை. கிளைகள் எல்லாவற்றிலும் அந்த ஒரு பண்டத்தை மட்டும் நிறுத்திவைக்க உத்தரவு. நான்கு பத்திச் செய்தி எழுதிக் கொடுத்தேன். ‘அதிர்ச்சி’ என்ற சொல்லை ஓரிடத்திலும் போடவில்லை. தலைப்பில் அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மதியச் சாப்பாடு பாதி நாள் அந்தக் கடையில்தான். நேராகக் குளியலறைக்குப் போனார். பல் தேய்க்கும் சத்தம் நிற்கவே இல்லை.

“அதான் காலையில அவ்ளோ வேகமா நடக்கறீங்களா?” என்று கேட்டேன்.

“வாய மூடு” என்றார், வாயில் நுரையோடு.

பிப்ரவரி 12, புதன்

எங்கள் செய்தி ஆசிரியருக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் ‘தலைப்பு’. என்னைவிடச் சின்னவர். எதைச் சொன்னாலும் தலைப்பாகத்தான் சொல்வார்.

“மக்கள் கொந்தளிப்பு! ஆறு படம், ஆறு கருத்து. மேடம், நீங்களே போய்ட்டு வந்துடுங்க.”

புகைப்படக்காரரோடு கடைவீதிக் கிளைக்குப் போனேன். கதவுக் கைப்பிடியில் யாரோ ஒரு கட்டுப் புல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். படியில் ஒரு வாளித் தண்ணீர். இளவட்டங்கள் நாலைந்து பேர் உள்ளே எட்டிப் பார்த்துக் கனைத்தார்கள். கல்லாவில் நின்ற பெண் தலையைத் தூக்காமல் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மேஜை அவ்வளவு அழுக்காக இல்லை.

ஐந்து பேர் ஒரே மாதிரி பேசினார்கள். “இது பொதுமக்களின் நம்பிக்கைக்கு விழுந்த பேரிடி” என்றார் பத்திரம் எழுதுபவர். வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? நாம் முப்பது வருடமாக எழுதியதை மனப்பாடம் செய்து நமக்கே திருப்பித் தருகிறார்கள்.

ஆறாவது ஒரு பெண், கையில் காய்கறிப் பை.

“போன வாரம்கூட வாங்கினேங்க. பொண்ணும் நானும் ஆளுக்குப் பாதி. ருசியாத்தான் இருந்துச்சு. ஆடுன்னு சொல்லிக் குதிரையக் குடுத்தது அயோக்கியத்தனம், அதச் சொல்லித்தான் ஆகணும். அதுக்காக இப்ப குமட்டுதுன்னு நடிக்கணுமா?”

எழுதிக்கொண்டேன். வயது நாற்பத்தொன்று. வேலை?

“குழந்தைங்க காப்பகத்துல சமையல்.” சற்று நிறுத்தி, “அது வேணாமே. வீட்டுல இருக்கறதாப் போட்டுக்கங்களேன்” என்றார்.

எங்கள் பத்திரிகையில் இந்தப் பகுதிக்குப் பெயர் கட்டாயமில்லை. படம், வயது, வேலை மூன்றும் கட்டாயம். அந்த விதியை வாதாடிக் கொண்டுவந்தவளே நான்தான். முன்பெல்லாம் ‘பொதுமக்களில் ஒருவர்’ என்று போடுவார்கள்; பாதிக் கருத்து அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து எழுதியதாக இருக்கும்.

“இல்லாததை எப்படிங்க போடறது? இப்ப நாம பேசறதே அதப் பத்தித்தானே?” என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். “அதுவும் சரிதான், போடுங்க.” புகைப்படக்காரர் அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஆறு கருத்தும் அச்சில் வந்துவிட்டன. ஒரு சொல் வெட்டவில்லை, கூட்டவில்லை. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன.

பிப்ரவரி 15, சனி

ஆறு பேரில் ஐந்து பேரை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த அம்மாளின் படத்தை மட்டும் கத்தரித்து, கீழே இருந்த ‘காப்பகச் சமையல்காரர்’ என்ற வரியோடு, ஒவ்வொரு கைப்பேசியிலும் சுற்றவிட்டிருக்கிறார்கள். ‘குதிரை ருசியாம், எப்படிச் சிரிக்கிறாள் பார்.’ ‘இவள் கையிலா நம் பிள்ளைகள் சாப்பிடுகின்றன?’ அயோக்கியத்தனம் என்று அவர் சொன்ன வரியை எவரும் எடுத்துப்போடவில்லை.

கடையை இன்று யாரும் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. கடைக்கு ஏது முகம்?

பிப்ரவரி 17, திங்கள்

அந்த அம்மாள் அலுவலகத்துக்கு அழைத்தார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அக்கா, பெத்தவங்க எல்லாம் வந்து கேக்கறாங்களாம், என்னை நிறுத்தச் சொல்லி. காப்பகம் நடத்தற பெரியம்மா ரெண்டு வாரம் பாக்கலாம்னாங்க. நான் சொன்னதத்தான் நீங்க போட்டிருக்கீங்க, தப்பு சொல்லல. என் வேலையப் போட்ட வரிய மட்டும் எடுத்துட முடியுமா?”

அச்சானதை எடுக்க முடியாது என்றேன். இணையத்தில் எடுக்கலாம் என்றும் சொன்னேன். அதற்குள் அது எங்கள் கையில் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

தலைப்பிடம் பேசினேன்.

“திருத்தம் போடலாம் மேடம். எது தப்பு?”

“தப்பு எதுவும் இல்ல.”

“அப்ப எதத் திருத்த?”

அவர் கேட்டது நியாயம்தான். சரியாக இருப்பதைத் திருத்த எங்களிடம் பகுதி கிடையாது. அந்த அம்மாளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்றேன். தலைப்பு முகம் மலர்ந்து, “‘சிரித்த சமையல்காரர் கண்ணீர்’. மறுபடி படம் எடுத்துடலாம்!” என்றார்.

எழுதவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

இணையப் பக்கத்தில் மட்டும் அந்த வரியை நீக்கித் தந்தார்கள். யார் பார்க்கப்போகிறார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

காப்பகத்துக்குப் போனேன். சின்னக் கட்டடம். வாசலில் உள்ளங்கை அளவுச் செருப்புகள் ஜோடி ஜோடியாக. சமையலறையில் சுவர்கூடத் துடைத்துவைத்திருந்தது. அவர் கேரட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், கை நிற்கவில்லை.

நடத்தும் பெரியம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“ஆறு வருஷத்துல ஒரு குழந்தைக்கு வயித்து வலி வந்ததில்ல. எனக்கு அவளத் தெரியும். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சது உங்க படம்தான். நாலு பேர் பிள்ளைய வேற எடத்துல சேத்துட்டா நான் கதவ மூடணும்.”

“நான் வந்து பெத்தவங்ககிட்டப் பேசட்டுமா? முழுசா என்ன சொன்னாங்கன்னு சொல்றேன்.”

“நீங்க வந்தா அதுவும் பேப்பர்ல வரும்னு பயப்படுவாங்கம்மா. விடுங்க, ஆறிடும்.”

கிளம்பும்போது அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொடுத்தார். குழந்தைகளுக்குச் செய்தது, உப்புக் குறைவு. நின்றுகொண்டே குடித்தேன். இன்றைக்கு நான் சாப்பிட்ட ஒரே உருப்படியான சாப்பாடு.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆறவில்லை.

வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் காப்பகத்துக் குழந்தைகள் கனைக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. அந்த அம்மாள் தட்டோடு வந்தால் மேஜையைச் சுற்றி ஒரே கனைப்பு. ஒரு குழந்தை சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்ததை அவரே அழைத்துச் சொன்னார்.

“வாயத் தொறக்கவே மாட்டேன்னுச்சு. சரின்னு நானும் கனைச்சேன்க்கா. எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சு, அதுவும் ஆன்னு வாயத் தொறந்துச்சு. ஒரு வாய் ஊட்டிட்டுத் திரும்பறேன், வாசல்ல ஒரு அப்பா நிக்கறார்.”

ஐயோ, ஏன்மா கனைச்ச? நாக்கு நுனி வரை வந்தது. வேறு என்ன செய்திருக்க முடியும் அவர்? பிள்ளை சாப்பிட்டதா இல்லையா? அதற்குத்தானே சம்பளம்?

பிப்ரவரி 28, வெள்ளி

நிறுத்திவிட்டார்கள். குழந்தைகளுக்கு இனி வெளியிலிருந்து பெட்டிச் சாப்பாடு வரும். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்து ஒட்டியிருக்குமாம். பெற்றோருக்குத் திருப்தி.

மார்ச் 1, சனி

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 8, சனி

அந்த ரோல் இன்று மறுபடி விற்பனைக்கு வந்தது. புது இறைச்சி, புது அட்டை, அரசு ஆய்வுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள். முதல் மூன்று நாள் பாதி விலை. வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டிப் போய்விட்டது. புல் கட்டியிருந்த கைப்பிடியில் பலூன்.

தலைப்பு மறுபடி அனுப்பினார்: “மக்கள் மன்னித்தார்கள்!” வாங்கி வெளியே வந்து தின்றுகொண்டிருந்தவர்களைக் கேட்டேன். முதல் ஆள் மென்று பார்த்து யோசித்தார்.

“என்னவோ குறையுது மேடம். முன்ன நல்லாருந்துச்சு.”

பக்கத்தில் அவர் மனைவி, “ஆமா, அந்தப் பழைய ருசி வரல. குதிரைன்னா குதிரைன்னே எழுதி வித்திருக்கலாம்” என்றார். வரிசையில் பாதிப் பேர் சிரித்தார்கள். பத்திரம் எழுதுபவரும் நின்றிருந்தார், கையில் இரண்டு பொட்டலம். என்னைக் கண்டு சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

வேலை என்ன என்று கேட்டேன். ஒருவர் வங்கி, ஒருவர் தையல்கடை. தயங்காமல் சொன்னார்கள். இப்போது எதைச் சொன்னாலும் நகைச்சுவைதான். மூன்று வாரம் முன்னால் ஒருத்தி இதையே சொன்னாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஊரே ரசித்துப் படித்திருக்கிறது. ‘பழைய ருசி இல்லை: மக்கள் ஏக்கம்.’ ஒரு கடிதம்கூடக் கோபமாக வரவில்லை.

இவர் மதியம் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“இப்ப சரியான ஆடுதான்மா. டெஸ்ட் பண்ணிட்டாங்க.”

“எப்படி இருக்கு?”

“சப்புனு இருக்கு” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, மீதியைச் சுற்றி உள்ளே வைத்தார். நல்ல மனிதர். அதற்குப் பிறகும் அவர்மீது எரிந்து விழுந்தது தப்பு. எரிந்து விழுவதற்கும் எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டதோ?

மார்ச் 17, திங்கள்

அந்த அம்மாள் அலுவலக வாசலுக்கே வந்திருந்தார். மாடி ஏறமாட்டேன் என்றதால் கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். மூன்று இடத்தில் வேலை கேட்டிருக்கிறார். முகத்தைப் பார்த்ததும், “உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே” என்கிறார்களாம். கொஞ்ச நேரத்தில் எங்கே என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. பெண்ணுக்குக் கல்லூரியில் அடுத்த பருவம் தொடங்கப்போகிறது.

“செவிலியர் விடுதியில ஆள் எடுக்கறாங்கக்கா. இத்தன நாள் வீட்டுலதான் இருந்தேன், வெளிய வேலைக்குப் போனதில்லன்னு சொல்லப்போறேன்.”

என்னிடம் ஏன் சொன்னார்? அனுமதி கேட்கிற மாதிரி இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

தேநீர் ஆறிப்போய்விட்டது, வேறு சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி

குடிநீர் வாரியம், மறுபடியும்.

மார்ச் 26, புதன்

சாக்கடை அடைப்புச் செய்தியில் பாதியில் இருந்தேன். வரவேற்பிலிருந்து ஓர் அழைப்பைத் திருப்பிவிட்டார்கள். செவிலியர் விடுதி மேலாளர். மரியாதையான, கொஞ்சம் கூச்சமான குரல்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம். சமையலுக்கு ஒரு அம்மாவ வேலைக்கு வச்சிருக்கோம். கை சுத்தம், நல்லாவும் சமைக்கறாங்க. வீட்டுலதான் இருந்தேங்கறாங்க. ஆனா எங்க பொண்ணுங்க சிலது, குதிரைக்கறி விஷயத்துல உங்க பேப்பர்ல சிரிச்ச அம்மா இவங்கதாங்குதுங்க. அந்தப் படத்துல இருக்கறவங்ககிட்டப் பேசினது நீங்கன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. அதான், உங்களயே கேட்டுடலாம்னு.”

விடுதியில் சேர்ந்தபோது எடுத்த படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பினார். அவரேதான். இதில் சிரிக்கவில்லை.

“இல்லைங்க. அவங்க வேற, இவங்க வேற” என்றேன். “நான் நேர்ல பாத்துப் பேசினவங்க இவங்க இல்ல.”

“நிச்சயமாங்க?”

“நிச்சயம்.”

“அப்பாடா. பேப்பர்ல இருக்கற நீங்களே சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சாக்கடைச் செய்தியை முடித்துக் கொடுத்தேன். தெருப் பெயர்களை இரண்டு முறை சரிபார்த்தேன்.