ஆளுக்கொரு பிடி அரிசி

1937 ஜூன் 7, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. கண்ணெல்லாம் மண். மலைப்பக்கம் மேகம் நிற்கிறது, இறங்கவில்லை.

நேற்றைய அசிங்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். கோயிலில் பிரசங்கத்தின் நடுவில் தூங்கிவிட்டேன். அது வழக்கம்தான். நேற்றுத் தூக்கத்திலேயே, "ஏலே, அடுத்த பொதியைத் தூக்கு!" என்று கத்தியிருக்கிறேன். ராஜபாளையம் பஞ்சு ஜின்னிங்கில் இத்தனை வருஷம் எடை போட்ட வாய். பாதிரி ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். பெண்கள் பக்கம் முந்தானை எல்லாம் வாயில். முன்வரிசையில் இருந்த என் தம்பி சாமுவேல் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

அவன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். சாயங்காலம் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டான்.

"அண்ணே, இந்த வீட்ல எதுக்கும் ஒரு ஒழுங்கு கிடையாது. தூக்கம், சோறு, செலவு, எல்லாம் அவிய அவிய இஷ்டம். மாசம் முடியுமுன்ன அரிசி மூட்டை காலி. பொறவு கடையில கடன். மூணு மாசமா இதே கதை. அரிசிக்குக் கால் முளைச்சா நடந்து போகுது?"

சொல்லும்போது உத்தரத்தைப் பார்த்தான். அவன் மனைவி சலோமி தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தாய்வீடு சோழபுரம். அங்கே இந்த வருஷம் வெள்ளாமை படுத்துவிட்டது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முடிவு: இந்த மாதம் ஒரு மூட்டை அரிசிதான். மாதக் கடைசி வரை வர வேண்டும். வராவிட்டால் ஜூலை முதல் தேதி சாமுவேலுக்குத் தனி அடுப்பு. மேலண்டை அறை அவர்களுக்கு.

எனக்கும் ராகேலுக்கும் பிள்ளை இல்லை. சாமுவேல் மகள் பாப்பா, நாலு வயசு, சோறு தின்பது ராகேல் மடியில். அடுப்பு இரண்டானால் பாப்பாவும் அந்தப் பக்கம்.

"போறவுகளக் கட்டியா வைக்க முடியும்" என்றாள் ராகேல். கழுவின சட்டியை எடுத்து மறுபடி கழுவினாள்.

ஜூன் 8, செவ்வாய்

காற்று அப்படியே. சாமுவேல் சட்டம் போட்டுவிட்டான். (மை விலை. இனிமேல் சாமு., ரா. என்று சுருக்கம்.)

காப்பி, ஞாயிறு மட்டும்.
வெற்றிலை பாதி. என்னுடையதுதான், வேறு யார் போடுகிறார்கள்.
சமையல், ரா. இரண்டு நாள், சலோமி இரண்டு நாள், மாறி மாறி.
ஜெபம் முடிந்தால் ஒரு விளக்கு போதும்.
மாம்பழம் கூடாது. "பாக்கலாமாலே?" என்று கேட்டேன். அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான்.
அரிசிப் பெட்டிச் சாவி என்னிடம். தினம் நானே அளந்து கொடுக்க வேண்டும்.

சலோமி: "ஊர்ப் பஞ்சையெல்லாம் நிறுக்கிறிய அத்தான். நம்ம வீட்டு அரிசிய அளக்க மாட்டியளா?" மரியாதையாகத்தான் சொன்னாள்.

ரா.: "பூட்டுப் போடுறதுன்னா முதல்ல அவிய வாய்க்குப் போடணும்."

ஜூன் 10, வியாழன்

சாவி இடுப்பில். உட்கார்ந்தால் குத்துகிறது. நின்றால் உத்தியோகம் மாதிரி இருக்கிறது.

விடிந்ததும் இரண்டு வேளைக்கும் அளந்து முறத்தில் கொட்டிவிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓட்டம். முறத்தை அடுப்படியில் வைத்துவிடுவேன். அதற்கு முன்னால் மூலையில் இருக்கும் காணிக்கைப் பானையில் ஒரு பிடி. சமையலுக்கு அரிசி எடுத்தால் கோயிலுக்கு ஒரு பிடி போடுவது எல்லாக் கிறிஸ்து வேதக்கார வீட்டிலும் உள்ளதுதான். இத்தனை நாள் அது பெண்டுகள் பாடு. இப்போது அளக்கிறவன் நான். சும்மா போனால் நன்றாகவா இருக்கும். சாவி வாங்கிய சந்தோஷத்தில் இரண்டாவது பிடியும் போட்டேன். என் கை கொஞ்சம் அகலம்.

வழக்கமாக வாரா வாரம் வந்து எடுத்துப் போகும் ஞானப்பூ அக்கா இந்த மாதம் வரவில்லை. மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள்.

ஜூன் 12, சனி

கூலி நாள். ஜின்னிங் கணக்கர் ராஜு வீட்டுப் பிள்ளை, தெலுங்கு கலந்து பேசுவார். இடுப்பைப் பார்த்தார்.

"ஏமய்யா, சாவியெல்லாம் தொங்குது? பொக்கிஷமா?"

"சோறுங்க."

சிரித்தார். கூலியைக் குறைக்கவில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் சப்பட்டை மாம்பழம் குவித்து வைத்திருந்தார்கள். பார்த்தேன். பார்ப்பது பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று வாங்கினேன். ஒன்றுதான். கை கழுவத் தண்ணீர் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா என் கையைப் பிடித்து நக்கிவிட்டு, "பெரியப்பா கை இனிக்குது" என்றாள்.

ரா. திரும்பிப் பார்த்தாள். "அவிய கைராசி அப்படிம்மா."

ஜூன் 15, செவ்வாய்

மலையில் சாரல். இங்கே ஒரு சொட்டு இல்லை.

சோறு போதவில்லை. பாப்பா இரண்டாம் தடவை கேட்டபோது ரா. தன் தட்டிலிருந்து எடுத்துப் போட்டாள். அளந்தது சரியாகத்தான் அளந்தேன். ஜின்னிங்கில் எடை போட்டால் வண்டிக்காரன் வாயைத் திறக்க மாட்டான். இங்கே முறத்துக்கும் பானைக்கும் நடுவில் அரிசி இளைக்கிறது. ரா. சமைத்த நாளும் குறைவு, சலோமி சமைத்த நாளும் குறைவு. சாயங்காலம் மறுபடி பெட்டியைத் திறந்து அளக்க வேண்டியதாகிறது.

பெட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தேன். மாதம் பாதிதான் ஆகிறது. அரிசி பாதிக்குக் கீழே போய்விட்டது. சாமு.விடம் சொல்லவில்லை. அவனே குச்சி விட்டுப் பார்க்கச் சாவி கேட்டான். கொடுத்தேன்.

ஜூன் 17, வியாழன்

நல்லதாக எழுத ஒன்றுமில்லை.

சாயங்காலம் சலோமியின் தம்பி சோழபுரத்திலிருந்து வந்தான். பையில் முருங்கைக்காய் கொண்டுவந்தான். செத்த நேரம் இருந்து காப்பி கேட்டான், ஞாயிறு இல்லையென்று மோர் கொடுத்தார்கள். புறப்படும்போது பை உப்பியிருந்தது. ரா. பையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண் தானாக எடை போட்டது.

சாமு.தான் கேட்டான். "சலோமி, பையில என்ன?"

 தம்பி கையிலிருந்து பையை வாங்கி நடு வீட்டில் கவிழ்த்தாள். பாப்பாவுக்குச் சிறிதாய்ப்போன சட்டைகள். துவைத்து மடித்து வைத்தது. அவன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

ஒவ்வொன்றாக மறுபடி மடித்துப் பையில் வைத்தாள். தம்பி போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஒரே அடுப்பா இருக்கிற மட்டும் என் வீட்டு ஆளு வந்தா பையச் சோதிப்பிய. ஒண்ணாந்தேதி என்ன, அரிசி வந்தாலும் வராட்டாலும் தனி அடுப்புதான். குயவர்ட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

"ஏட்டி, அவன் ஒரு கிறுக்கன், ஏதோ கேட்டுட்டான்..." என்றாள் ரா.

"அவிய வாயால கேட்டாவ. நீங்க கண்ணால கேட்டிய, அக்கா."

 

ஜூன் 20, ஞாயிறு

காப்பி. யாருக்கும் ருசிக்கவில்லை. காணிக்கைப் பானைக்கு இன்றைக்கும் போட்டேன்.

கோயிலில் விழித்திருந்தேன். பிரசங்கம் நீளம் என்பது இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 23, புதன்

புது அடுப்பு வந்துவிட்டது. புழக்கடையில் காய்கிறது. நல்ல வேலைப்பாடு, மூன்று குமிழும் ஒரே அளவு. சலோமி சாணி மெழுகினாள். ரா. கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து, "உள்பக்கமும் மெழுகு, இல்லன்னா வெடிச்சிரும்" என்றாள். அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் இன்றைய பேச்சு.

பாப்பா: "பெரியம்மா, நான் அந்த அடுப்புச் சோத்த வாங்கிட்டு வந்து ஒங்க மடியில திம்பேன்."

ரா. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

அரிசிப் பெட்டியில் அடிப்பலகை தெரிகிறது.

ஜூன் 25, வெள்ளி

முழுசாக எழுத வேண்டிய நாள். மைக் கணக்கு பார்க்கவில்லை.

ஜின்னிங்கில் பெல்ட் அறுந்து சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நான் வரும்போது ஞானப்பூ அக்கா வாசலில். பேத்தி பிறந்திருக்கிறாள். நாளை மறுநாள் கோயிலில் காணிக்கை அரிசி ஏலம், அதனால் வீடு வீடாக எடுக்கிறாள். சாமு. பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தான். எல்லாரும் வீட்டில்.

அடுப்படிக்குள் போனவள் சத்தம் போட்டாள்.

"ஏ ராகேலு! இது என்னட்டி, பானை அசைய மாட்டேங்குது!"

போய்ப் பார்த்தோம். மூலை இருட்டு. மூடி உட்காராமல் அரிசி மேல் மிதக்கிறது. அவரவர் குவித்துப் போட்டுவிட்டு மூடியை மேலே வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

"கர்த்தர் இந்த வீட்ட எம்புட்டு ஆசீர்வதிச்சிருக்காரு!" என்று அக்கா கண் கலங்கினாள். "யாரு தாயி இப்படிப் போட்டது?"

"நான்தான்" என்றாள் ரா. "வீட்டுக்கு மூத்தவ. அவ சமைச்சாலும் நான்தான போடணும்?"

"நான்லா போட்டேன்" என்றாள் சலோமி. "என் முறைக்கு என் பிடி. அக்கா முறையன்னைக்கும் போடுவேன், அவுக வேலையில மறந்துட்டாகன்னா?"

நான் தொண்டையைக் கனைத்தேன். "அளக்கிறவன் போடாம இருக்கலாமா. ரெண்டு பிடி."

"ரெண்டா!" என்றாள் ரா. "அந்தக் கையாலயா?"

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். பாப்பா சொன்னாள்: "நானும் தெனமும் போடுவேன். அப்பாதான் மூடியத் திறந்து தருவாக."

சாமு. உத்தரத்தைப் பார்த்தான்.

"ஏலே," என்றேன். "நீயுமா?"

"காலம்பற ஜெபத்துக்குப் பொறவு... முறத்துலருந்து ஒரு பிடி."

"எதுக்குலே?"

"இந்த வீட்ல யாரும் ஒழுங்காப் போடமாட்டியன்னு நெனச்சேன்."

 வாரா வாரம் அக்கா காலி செய்துகொண்டு போனதால் இதற்கு முன் மூன்று மாதமும் பானை நிறையவே இல்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

சலோமி நிதானமாகக் கேட்டாள். "அப்ப சோழபுரத்துக்கு நடந்து போனது இந்த அரிசிதானோ?"

சாமு.வுக்குக் காது சிவந்தது. "தப்புதான்" என்றான். வாத்தியார் குரல் இல்லை. நான் இதுவரை கேட்காத குரல்.

பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று நான் அக்காவைக் கேட்டேன். "கோயிலுக்குப் போட்டத எடுக்கவா? ஒங்களுக்கு வெக்கமில்லையா?" என்று ரா.வும் சலோமியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எட்டு நாளில் அவர்கள் சேர்ந்து பேசியது இதுதான். எனக்கு வெட்கமில்லைதான்.

பானையைக் கோயில் வரை தூக்கிக்கொண்டு போனது நானும் சாமு.வும். அக்கா முன்னால் நடந்து தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஜூன் 27, ஞாயிறு

தூறல். மண் வாசனை.

பிரசங்கத்தில் ஐயர் எங்கள் வீட்டைப் பேர் சொல்லிப் பாராட்டினார். உதாரத்துவமான, அள்ளிக் கொடுக்கிற குடும்பம். காலையில் உதாரத்துவமான குடும்பம் குடித்தது கேப்பைக்கூழ். அரிசிப் பெட்டியில் எறும்புகூட இல்லை.

ஆராதனை முடிந்து ஏலம். வெளியில் தூறல் என்பதால் உள்ளேயே. எல்லா வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டி ஒரு சாக்கில் கட்டியிருந்தார்கள். கூலியில் மிச்சம் இருந்தது, கடைக் கடன் இல்லாமல் இதையே எடுத்துவிடலாம் என்று கேட்க ஆரம்பித்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் விடாமல் ஏற்றினாள். ஏலம் விட்ட உபதேசியாருக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் தடவைதான் குரல் பிடிபட்டது. ரா.தான். அவளும் சிறுவாட்டுக் காசை முடிந்துகொண்டு இதே எண்ணத்தோடு வந்திருக்கிறாள். தெரிந்த பிறகு இன்னும் ஒரு அணா ஏற்றினேன். சும்மாதான். அவள் விட்டுவிட்டாள். கடை விலையைவிட அதிகம்.

வீடு வரும் வழியில்: "ஒங்க சத்தம்னு எனக்கு முதல்லயே தெரியும்."

"பொறவு எதுக்குட்டி ஏத்தின?"

"சும்மாதான்."

ஜூன் 28, திங்கள்

நல்ல மழை. ஜின்னிங் லீவு.

சாமு. சட்டத்தைத் திருத்தினான். காணிக்கைப் பிடி ஒன்றே ஒன்று. யார் சமைத்தாலும் போடுவது பாப்பா. அவள் கைதான் வீட்டுக்குக் கட்டுப்படியாகும் என்று சலோமி சொன்னாள். சாவியை நான் ஆணியில் மாட்டிவிட்டேன். வெற்றிலை பாதியாகவே நிற்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

புது அடுப்பைச் சலோமி மழை படாமல் தாழ்வாரத்துக்கு இழுத்தாள். ஒண்ணாந்தேதி என்ன செய்வது என்று சாமு. கேட்டான். "இது வெந்நீர் போட ஆச்சு" என்றாள். ரா. அதற்குள் அதில் விறகு வைத்துவிட்டாள்.

மத்தியானம் ஏலத்து அரிசிச் சோறு. பழசும் புதுசும், சிவப்பும் வெள்ளையும், ஊர் அரிசி எல்லாம் ஒரே பானையில். பாதி குழைந்தது, பாதி வேகவில்லை. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தோம். பாப்பா ரா. மடியில். முருங்கைக்காய்ச் சாம்பார். சாமு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான்.

மூன்றாவது கவளத்தில் எனக்கு ஒரு கல். இடது பக்கக் கடைவாய்ப் பல் பாதி உடைந்து வந்துவிட்டது. பல் துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். கோழி வந்து அரிசி என்று கொத்திக்கொண்டு போனது.