இலை கொட்டாத கொடி

மார்ச் 4

இன்று காப்பகத்தில் ஏழு பிள்ளைகள். மேனேஜருக்கு மூக்கு ஒழுகுகிறது. (எல்லோரையும் அதட்டி வரிசையில் நிறுத்தும் மூன்று வயதுக்காரனுக்கு நாத்தனார் வைத்த பெயர்.) அப்படியும் சும்மா இருக்கவில்லை; முற்றத்துக்கு இறங்கும்போது அவன்தான் முன்னால்.

பதினொரு மணிக்கு அவர்களை விளையாட விட்டதும் அடுத்த வீட்டுப் பெண் வழக்கம்போல வந்து கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சிரித்தால் சிரிக்கிறாள். பேசுவதில்லை.

அவள் மகளை நாங்கள் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பதாம் மாதத்திலிருந்து என்னிடம்தான் விட்டுவிட்டு ஆபீஸ் போவாள். நடக்கப் பழகியது இந்த முற்றத்தில்தான். போன அக்டோபரில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

மார்ச் 7

அவள் கணவர் வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வாசலிலேயே நின்றுவிட்டார். அச்சகத்தில் இரவு வேலை. பகலில் தூங்க வேண்டியவர், தூங்குவதாகத் தெரியவில்லை. முகம் வற்றிப்போய் இருக்கிறது.

“அக்கா, வேலியில ஏதாவது கொடி படர விட முடியுமா? வருஷம் பூரா இலை கொட்டாத மாதிரி. அவ தினமும் வந்து நின்னு பாத்துப் பாத்து உருகுறா. மறைச்சுட்டா கொஞ்சம் கொஞ்சமா மறந்துருவா.”

சரி என்றேன். போகும்போது திரும்பி, தான் கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம் என்றார். அதற்கும் சரி என்றேன்.

மார்ச் 8

அவ்வளவு சீக்கிரம் ஏன் சரி என்றேன்?

போன வாரம் ஒரு பிள்ளையின் அம்மா, வேலிப்பக்கம் நிற்பது யார் என்று கேட்டாள். சொன்னேன். “ஐயோ பாவம்” என்றாள். ஆனால் மறுநாள் தன் பிள்ளையை இறக்கிவிடும்போது வேலியைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் என் மனதில் இருந்ததா? இருந்திருக்கும்.

மார்ச் 11

செடி வாங்க நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரம்மா முதலில் கேட்டது, எவ்வளவு வெயில் விழும் என்று. அந்தப் பக்கம் அவர்கள் மாடி, இந்தப் பக்கம் எங்கள் மரம். உச்சிவேளையில் சிறிது நேரம் எட்டிப் பார்ப்பதோடு சரி என்றேன். “அப்போ பூவை மறந்துருங்க” என்றார்.

முல்லை நிழலில் நோஞ்சானாகிவிடுமாம். சங்குப்பூவும் வெயில் கேட்கும். ரங்கூன் மல்லி பூப்பதும் வெயிலில்தான், இலையும் உதிரும். ஐவி நிழலில் அருமையாக ஏறும், எப்போதும் பச்சை. வாங்கியே விட்டிருப்பேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் கையிலிருந்த தொட்டியைத் திரும்ப வைத்துவிட்டார். அதன் இலையும் காயும் விஷம். மணி பிளான்ட்டைக் கடித்தால் வாயெல்லாம் எரியும். எங்கள் வீட்டில் கடிக்காத பொருள் ஏது?

கடைசியில் மிளகுக்கொடியைக் காட்டினார். நிழல்தான் அதற்குப் பிடிக்கும். இலை தடிமன், பளபளப்பு. பழைய இலை ஒன்றிரண்டு விழுந்தாலும் கொடி மொட்டையாகாது. கடித்தால் காரம், வேறு கெடுதல் இல்லை. ஆனால் மெதுவாகத்தான் வளரும். வேர் கம்பியைப் பற்றாது, நாமேதான் கட்டிக் கட்டி ஏற்ற வேண்டும்.

“இது மூடுறதுக்குள்ள மேனேஜருக்குக் கல்யாணமே ஆயிடும்” என்றாள் நாத்தனார். நெருக்கி நட்டால் ஒரு வருஷம் என்று நர்சரிக்காரம்மா சொல்கிறார். அதுவரை பச்சை வலை கட்டலாம் என்றும்.

மார்ச் 15

நட்டாயிற்று. வலையும் கட்டியாயிற்று. முற்றம் திடீரென்று சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

மார்ச் 16

பதினொரு மணிக்கு வலைக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. போய்விட்டது.

மார்ச் 18

வந்தாள். பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாய்களை உதறிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக எங்கள் படியேறி வந்தாள். காப்பி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

“என் கண்ணு பட்டுடும்னுதானே மறைச்சீங்க?”

குரலை உயர்த்தவே இல்லை.

“சொல்லியிருந்தா நானே வந்திருக்க மாட்டேன் அக்கா. வலை எல்லாம் எதுக்கு.”

போய்விட்டாள். அவள் கணவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்ன சொல்வது?

மார்ச் 19

தூக்கமில்லை. கண்ணு படும்னு நான் நெனப்பேனா? அந்தப் பிள்ளைக்கு முதல் பல் முளைச்சது தெரிஞ்சதே என் விரலைக் கடிச்சப்போதான். அதை ஆபீஸுக்கு போன் பண்ணி இவகிட்ட சொன்னது நான். என்னைப் போய் —

ஆனா அவ வேற என்ன நெனப்பா? பிள்ளையைப் பறிகொடுத்தவ வந்து நிக்கிறா. ஒருநாள் திடீர்னு வலை கட்டுறாங்க. யாரா இருந்தாலும் அதைத்தான் நெனப்பாங்க. ஒரு வார்த்தை அவளைக் கேட்கலையே நான்.

மார்ச் 20

நாத்தனார் வலையை அவிழ்க்கப் போனாள். தடுத்தேன். ஒன்றும் பேசாமல் அவிழ்த்தால் பழி உண்மை என்றாகிவிடும். அப்போ உண்மையைச் சொல்லு என்றாள். வாக்கு என்றேன். “பெரிய வாக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 22

சாயங்காலம் அவர் வேலைக்குக் கிளம்பும்போது தெருவில் நிறுத்தினேன். அவள் என்ன கேட்டாள் என்று அப்படியே சொன்னேன்.

“நான் சொல்லல தம்பி. ஆனா நீங்க சொல்லணும். அவ அப்படி நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.”

வேலைக்குப் போகவில்லை. சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு வீட்டுக்கே போனார்.

அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் அழும் சத்தத்தை இன்றுதான் கேட்டேன். இதுவரை அவள் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

மார்ச் 24

இன்று காப்பி குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் படுக்கும் அறையின் ஜன்னல் எங்கள் முற்றத்தைப் பார்த்து இருக்கிறது. பிள்ளைகளின் சத்தம் கேட்டால் காதில் தலையணையை அழுத்திக்கொள்வாராம். பார்க்கவே முடியவில்லையாம். இத்தனை நாள் அவளிடம் சொன்னதே இல்லை.

“மறக்கணும்கிறது அவருக்குத்தான் அக்கா. எனக்கு மறந்துருமோன்னு பயம். இதுங்க ஓடறதைப் பாத்தாத்தான் அவ எப்படி ஓடுவான்னு கண்ணுக்குள்ள வருது.”

வலையை இன்றே எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். வலையும் இருக்கட்டும், கொடியும் வளரட்டும், அவரும் மனுஷன்தானே என்றாள். அந்த ஓரத்தில், ஜன்னலுக்கு நேராக இல்லாத இடத்தில், தன் முகம் அளவுக்கு மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

கத்தரிக்கோலை நான்தான் எடுத்து வந்தேன். வலையை அவளே வெட்டினாள்.

மே 30

கொடி முழங்கால் உயரம். இரண்டு செடி பட்டுப்போயின. வேறு வைத்தேன்.

ஆகஸ்ட் 12

நல்ல மழை. தளிர்கள் ஒரே வாரத்தில் எகிறிவிட்டன. நாத்தனாரும் நானும் பழைய புடவையைக் கிழித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறோம். அடுத்த வீட்டுப் பெண் தினமும் வருகிறாள். மேனேஜர் அந்த இடைவெளிக்குக் கீழே போய் நின்று, “ஆன்ட்டி, நீங்க வரிசையில நிக்கல” என்றான். அவள் சிரித்தாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். நாள் முழுக்க வரவில்லை.

நவம்பர் 2

போன வாரம் சுண்டெலி போய் ஒரு வருஷம் ஆனது. அவர்கள் இருவரும் எங்கோ வெளியூர் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. பிள்ளைகளை அன்று முற்றத்துக்கு விடவில்லை. ஏன் என்று நாத்தனாரும் கேட்கவில்லை.

ஜனவரி 9

வேலி முழுக்கப் பச்சை. வலையை எடுத்துவிட்டோம். அந்த ஓரத்தில் மட்டும் தளிர்களை ஒதுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். அவள் மறுபடி ஆபீஸ் போகிறாள். இனி சனிக்கிழமைதான் வர முடியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 3

இந்த வாரம் கை ஓயவில்லை. கொடியைக் கவனிக்கவே இல்லை. இன்று பதினொரு மணிக்குப் பார்த்தால், நீளமாக ஒரு தளிர் ஓடி இடைவெளியில் குறுக்கே விழுந்திருந்தது. பிள்ளைகள் உள்ளே போனதும் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் யாரோ வந்தார்கள். இன்று சனிக்கிழமை இல்லையே என்று பார்த்தேன். அவர்தான். வேலையிலிருந்து வந்த சட்டைகூட மாற்றவில்லை. தளிரைப் பிடித்தார். முறித்துவிடுவார் என்று நினைத்தேன். முறிக்கவில்லை. நுனி ஒடியாமல் மெல்லப் பக்கவாட்டில் வளைத்து, கம்பியில் ஏற்கெனவே தொங்கிய துணியால் கட்டினார். முடிச்சுப் போட நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்து, அவள் முகம் அளவுக்கு விட்டிருந்த இடத்தில் தன் முகத்தை வைத்தார்.

நாத்தனார் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட வாசலுக்கு வந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் விளையாடட்டும் என்றேன்.